ஊசிச் சீட்டில் எழுதாத தேதி

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் கையில் ஜவுளிக்கடைப் பை ஒன்று இருக்கும். கரமனை டீக்கடையில் என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்த அண்ணாச்சியிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் தங்கையின் மணிக்கட்டு எக்ஸ்ரே. மற்றதில் எட்டு வருஷத்து மனநல மருத்துவச் சீட்டுகள். எலும்பு டாக்டரிடம் முதல் பையை மட்டும் காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டாவதை ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

"அது வேற தீனம், இது வேற தீனம்லா?" என்றார்.

தங்கைக்கு முப்பத்து நாலு வயது. அடுக்களைப் படியில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்திருக்கிறது. ஈரப்படியில் சறுக்கினால் யாருக்கும் கை முறியலாம். ஆனால் நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறதென்றால், படியைத் திட்டுவதோடு நிற்காமல் எலும்பையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். மருந்துக்கடை கவுண்டரில் பல வருஷம் நின்ற பழக்கம் எனக்கு, சீட்டை வாங்கினால் கண் மருந்தின் பெயருக்குத்தான் போகும். ரிஸ்பெரிடோன், ராத்திரி ஒன்று. கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிபெனிடில், காலையில் ஒன்று. அதற்கு முந்தைய வருஷங்களில் மாதம் ஒரு ஹாலோபெரிடால் ஊசி. சீட்டின் மேல்மூலையில் ஊசி போட்ட தேதிகள் வரிசையாக இருந்தன. எடை குறித்திருந்தது, சர்க்கரை குறித்திருந்தது. எலும்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதியைச் சொல்வதே ஆபத்து. அந்த மாத்திரைகள் அந்தப் பெண்ணை எட்டு வருஷமாக வீட்டில், குடும்பத்தோடு, தன் பெயரும் ஊரும் தெரிந்து வாழ வைத்திருக்கின்றன. எலும்புக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவற்றை நிறுத்தினால், நோய் திரும்பி வரும் வாய்ப்பு எலும்பு முறியும் வாய்ப்பைவிட மிக அதிகம். எனவே இது மாத்திரைக்கு எதிரான கட்டுரை அல்ல. மாத்திரையைத் தொடர்ந்தபடியே எலும்பைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் பேச்சு.

குமரிக்காரர்களுக்கு ஊளம்பாறை என்றால் விளக்க வேண்டாம். சென்னைக்காரர் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிச் சிரிக்கும் இடத்தில் இவர்கள் ஊளம்பாறை என்பார்கள். நல்ல பழக்கமல்ல, இருந்தாலும் இருக்கிறது. 1870இல் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தில் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. 1956 நவம்பர் 1 அன்று எல்லை மாறும்வரை நாகர்கோவிலும் மார்த்தாண்டமும் இந்தப் பக்கத்து ராஜ்யம்தான். எல்லை மாறியும் வைத்தியத்துக்கு வரும் பஸ் மாறவில்லை.

மனநல வைத்தியத்துக்கும் எலும்புக்கும் உள்ள உறவு அந்தப் பழைய காலத்திலேயே தொடங்கியது. 1938இல் இத்தாலியில் மின்அதிர்ச்சி சிகிச்சை வந்தபோது மயக்க மருந்தும் கிடையாது, தசையைத் தளர்த்தும் மருந்தும் கிடையாது. வலிப்பின் வேகத்தில் தசைகள் இறுகி, நோயாளியின் முதுகெலும்பே நொறுங்கியதுண்டு. தசை தளர்த்தும் மருந்து சேர்ந்தபின் அந்த ஆபத்து போனது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அந்தச் சிகிச்சை கொடுப்பதையே தடை செய்துவிட்டது. அன்றைய முறிவு ஒரு நிமிஷத்தில் நடந்தது, அறையிலிருந்த எல்லாரும் பார்த்தார்கள், அதனால் வழி கண்டுபிடித்தார்கள். இன்றைய பாதிப்புக்குப் பத்து வருஷம் பிடிக்கிறது. யார் கண்ணிலும் படுவதில்லை.

எலும்பு செத்த பொருளல்ல. நம் ஊர் ஓட்டு வீட்டுக்கு ஆனி மழைக்கு முன்னால் ஆள் ஏறி, விரிசல் விட்ட ஓட்டை எடுத்துவிட்டுப் புது ஓடு வைப்பதுபோல, எலும்பிலும் பழையதைச் சுரண்டி எடுக்கும் செல்கள் உண்டு, புதிதாகப் பூசும் செல்கள் உண்டு. வருஷத்துக்கு எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. எடுப்பவன் வேகத்துக்கு வைப்பவன் வந்தால் கூரை நிற்கும். இந்த இருவரையும் அளவில் வைத்திருக்கும் மேஸ்திரி, பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும், அதிலிருந்தே உடம்பு செய்துகொள்ளும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலிவது மேஸ்திரி போய்விட்டதால்தான். அது ஐம்பது வயதை ஒட்டி நடக்க வேண்டிய காரியம்.

அதை முப்பது வயதிலேயே நடத்திவிடக்கூடிய பொருள் புரோலாக்டின். தாய்ப்பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன். மூளையின் அடியில் மொச்சை அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைச் சுரக்கிறது. மற்ற வேளைகளில் அது அதிகம் சுரக்காதபடி தடுத்து வைப்பது டோபமைன். மனச்சிதைவுக்கான மருந்துகள் பெரும்பாலும் டோபமைனின் வேலையைத் தடுத்துத்தான் குரல் கேட்பதையும் சந்தேகத்தையும் அடக்குகின்றன. ஆனால் மருந்துக்கு மூளையின் ஒரு மூலையில் மட்டும் வேலை செய்யத் தெரியாது. பிட்யூட்டரியிலும் தடுப்பு விலகுகிறது, புரோலாக்டின் ஏறுகிறது. அது ஏறினால் கருமுட்டைக்கும் விந்துக்கும் கட்டளை அனுப்பும் ஹார்மோன்கள் அடங்கிவிடுகின்றன. ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் இறங்குகின்றன. எலும்புக்கு மேஸ்திரி இல்லை.

எல்லா மருந்தும் இதில் ஒன்றல்ல. ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைட், பழைய ஹாலோபெரிடால் ஆகியவை புரோலாக்டினை நன்றாகவே ஏற்றும். ஓலன்சபின் ஓரளவு. குவெட்டியபின், குளோசபின் மிகக் குறைவு. அரிபிபிரசோல் ஏற்றாது, மற்ற மருந்தால் ஏறியதைக்கூட இறக்கும். இத்தனை வேறுபாடு இருப்பதால்தான் 'மனநல மாத்திரை' என்று மொத்தமாகப் பேசுவது பிரயோஜனமில்லை. பெயரைப் பார்க்க வேண்டும்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சின் ஓரத்தில் அவர் மனைவி, நோயாளிக்கு மைனி, அதுவரை பேசவில்லை. அண்ணாச்சி காசு கொடுக்க எழுந்து போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவ வீட்டுக்கு விலக்காகி ஒண்ணரை வருசம் ஆச்சு. மாத்திர சாப்பிடுதவளுக்கு அந்தத் தொல்லையாவது இல்லாமப் போச்சேன்னு நெனச்சோம். டாக்டர்ட்ட சொல்லல்ல. இவிய ஆம்பள, எப்பிடிச் சொல்லுவாவ?"

அந்த வீட்டில் யாரும் காசு கொடுக்காமலே கிடைத்திருந்த பரிசோதனை முடிவு அது. எந்த ஸ்கேனுக்கும் முன்னால், எந்த முறிவுக்கும் முன்னால், உடம்பு மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தது. சீட்டில் ஊசியின் தேதி இருக்கிறது, அவளுக்குக் கடைசியாக விலக்கான தேதி இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவது அண்ணன், தெரிந்தது மைனிக்கு, கேட்க வேண்டியது டாக்டர். மூன்று பேருக்கும் நடுவில் கூச்சம் உட்கார்ந்துகொண்டது.

மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் சொல்லியே ஆக வேண்டும். முதலில் கர்ப்பமா, தைராய்டா என்று பார்ப்பார்கள், அதுவும் சரிதான். பிறகு புரோலாக்டின் ரத்தப் பரிசோதனை. பெண்களுக்கு மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் வரை இயல்பு என்று பெரும்பாலான லேப்கள் அச்சிடுகின்றன, ஆண்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. மருந்தால் ஏறினால் ஐம்பது, நூறு என்று போகலாம். அதற்கும் மேலே மிக அதிகமாகப் போனால் பிட்யூட்டரியில் கட்டி உண்டா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். ரத்தம் எடுப்பது காலையில், அன்றைய மாத்திரைக்கு முன்னால் இருந்தால் நல்லது. பயமும் பதற்றமும்கூட இந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றும். எண் சற்றுக் கூடியிருந்தும் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதென்றால் எலும்பைப் பற்றிய பயம் குறைவு.

ஆண்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர்களுக்குத் தேதி தவறும் அடையாளம் இல்லை என்பதுதான் சங்கடம். ஆசை குறைவது, மார்பு லேசாக வீங்குவது, சில சமயம் முகச்சவரம் செய்யும் இடைவெளி நீள்வது. இதை எந்த ஆண் டாக்டரிடம் சொல்கிறான்? சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அது இரண்டு பக்கமும் நஷ்டம்.

மனச்சிதைவு பெரும்பாலும் வருவது பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ. எலும்பு தன் முழுக் கனத்தைச் சேர்த்து முடிப்பதும் அதே வயதில்தான். சேமிக்க வேண்டிய வருஷங்களில் சேமிப்பு நின்றுவிடுகிறது. அதோடு நோயே மனிதரை அறைக்குள் உட்கார வைக்கிறது. வெயில் இல்லை, நடை இல்லை, சாப்பாடு ஒழுங்கில்லை, பலருக்குப் பீடி உண்டு. எனவே எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போடுவது நியாயமல்ல. மனச்சிதைவு உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2014இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிப்பேருக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது தெரிந்தது. அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, வாழ்க்கையின் பங்கு எவ்வளவு என்று கத்தி வைத்து வெட்ட முடியாது.

மற்ற மருந்துகளுக்கு வேறு வேறு வழிகள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளைத் தினமும் எடுக்கும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எலும்பு முறிவு சுமார் இரண்டு மடங்கு இருந்ததாக 2007இல் கனடாவிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. மருந்து காரணமா, சோர்வு காரணமா, தடுமாறி விழுவது காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் கார்பமசெபின், கல்லீரலைத் தூண்டி வைட்டமின் டி-யை வேகமாகச் செலவழிக்கும். பழைய பெனிடாயினும் பெனோபார்பிட்டோனும் அப்படியே. வால்ப்ரோயேட் அந்த வழியில் செல்லாது, ஆனாலும் நீண்டகாலம் எடுப்பவர்களிடம் எலும்பு மெலிவு காணப்படுகிறது.

லித்தியம் ஒரு வேடிக்கையான கதை. இருமுனை நோயாளிகளை வைத்து 2022இல் டென்மார்க்கில் வெளியான ஆய்வில், லித்தியம் எடுத்தவர்களுக்கு எலும்பு மெலிவு குறைவாகவே இருந்தது. ஆனால் சிலருக்கு அதே லித்தியம் பாராதைராய்டு சுரப்பியைத் தூண்டி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். எனவே லித்தியம் எடுப்பவர்கள் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று கால்சியம் மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. முதலில் ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

எலும்பு எவ்வளவு மெலிந்தாலும், விழாதவருக்கு இடுப்பு முறிவது அபூர்வம். இந்தப் பாதியை டாக்டர்கூடக் கேட்பதில்லை. வீட்டில்தான் பார்க்க வேண்டும். குவெட்டியபின், குளோசபின், குளோர்புரோமசின் போன்றவை படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தத்தைச் சட்டென இறக்கும். தூக்க மாத்திரை காலை எட்டு மணிக்கும் கண்ணில் தங்கியிருக்கும். ட்ரைஹெக்ஸிபெனிடில் வயதானவர்களுக்குப் பார்வையை மங்கலாக்கும், குழப்பமும் தரும். இத்தனையும் வயிற்றில் இருக்க, நள்ளிரவில் ஒன்றுக்குப் போக எழுகிறார். வழியில் உயரமான வாசல்படி, அப்பால் வழுவழுப்பான டைல்ஸ், அதன்மேல் தண்ணீர், குளியலறை லைட் சுவிட்ச் வெளிப்பக்கம் எட்டாத உயரத்தில். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ரப்பர் தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடுங்கள். ஒரு வருஷத்தில் இரண்டு தடவை விழுந்திருந்தால் அதையும் மனநல டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றக்கூடும்.

வெயிலைப் பற்றிச் சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். திருவனந்தபுரம் வடக்கே எட்டரை பாகையில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரலிலும் ஆகஸ்ட் கடைசியிலும், சூரியன் நேர் உச்சிக்கே வரும். இருந்தும் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு இந்தியா முழுக்கச் சாதாரணம், கேரளமும் விலக்கல்ல. வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். அதுவும் காலை ஏழு மணி இளவெயில் அல்ல, நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில். குளோர்புரோமசின் எடுப்பவர்களுக்குத் தோல் சீக்கிரம் கன்றிவிடும், அவர்கள் கவனம்.

சாப்பாட்டுக்கு நீண்ட பட்டியல் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் சொல்கிறது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. நூறு மில்லி பாலில் சுமார் 120. இந்த டீயில் விழுந்த பால் கணக்கில் சேராது. கப்பையும் மீன்கறியும் என்றால், கப்பையில் கால்சியம் சொற்பம், கூட வரும் நெத்திலியை முள்ளோடு மென்றால் அது கணக்கு. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் எள்ளும் நாஞ்சில் நாட்டு அடுக்களையில் புதிதல்ல.

மெடிக்கலில் சீட்டில்லாமல் கிடைக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் என்று எழுதியதைத் தினம் ஒன்றாகத் தின்றவர்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மனக்குழப்பம் வரும். மனநோயாளிக்கு மனக்குழப்பம் வந்தால் பழைய நோய் திரும்பிவிட்டது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள்.

இலவச முகாம்களில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்து எலும்பு அடர்த்தி சொல்வார்களே, அது அல்ட்ராசவுண்டு. அதைவைத்து வைத்தியம் தொடங்கக் கூடாது. படுக்க வைத்து இடுப்பையும் முதுகையும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன்தான் அளவுகோல். அறிக்கையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு மெலிவு நோய். ஆனால் அது மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கும் உரிய கணக்கு. அண்ணாச்சியின் தங்கை போன்றவர்களுக்கு, அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைப் பார்க்க வேண்டும். உலகம் முழுக்கப் பயன்படும் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பானில் பீடிக்கும் குடிக்கும் ஸ்டீராய்டுக்கும் கட்டம் உண்டு, மனநல மருந்துக்கு இல்லை. கணிப்பான் கேட்காததால் டாக்டரும் கேட்காமல் போகலாம், நீங்கள் சொல்லாமல் போகக் கூடாது.

புரோலாக்டின் ஏறி மாதவிலக்கும் நின்றிருந்தால், மனநல டாக்டர் முன்னால் சில வழிகள் உண்டு. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மெதுவாக மாற்றலாம், அரிபிபிரசோலைச் சிறிய அளவில் கூடச் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. குவெட்டியபினும் குளோசபினும் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அரிபிபிரசோலில் சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். ரிஸ்பெரிடோனில்தான் அமைதி கிடைத்தது என்றால் அதிலேயே இருந்துகொண்டு எலும்பைத் தனியாகப் பார்ப்பதும் சரியான முடிவுதான். மாற்றம் செய்தால் இன்னொன்றை யாரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: மாதவிலக்கு திரும்பும்போது கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் திரும்பும். கூடவே வால்ப்ரோயேட் இருந்தால் அது கருவுக்குப் பெரிய கேடு. திருமணமான பெண்ணென்றால் இந்தப் பேச்சை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். பீடியை நிறுத்துகிறவர் குளோசபின் எடுப்பவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே நிறுத்த வேண்டும். புகை நின்றால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும்.

எலும்புக்கான மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் வாரம் ஒரு அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை எழுதுவார்கள். வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். டீயோடு போட்டால் உடம்பில் சேராது, போட்டுவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ராத்திரி மருந்தின் மயக்கத்தில் காலையில் மறுபடி சாய்கிறவருக்கு இது தோதுப்படாது. அவர்களுக்கு வருஷம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுவது நல்லது. இள வயதுப் பெண்களுக்கு இந்த மருந்துகளை எளிதில் எழுத மாட்டார்கள், அதுவும் காரணத்தோடுதான்.

அண்ணாச்சி, மைனி, உங்களைப் போல மாதாமாதம் பை தூக்கிப் பஸ் ஏறும் எல்லாரிடமும் நான் கேட்பது இதுதான். இரண்டு பைகளையும் ஒன்றாக்குங்கள். எலும்பு டாக்டரிடம் மனநலச் சீட்டைக் காட்டுங்கள், மனநல டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். ஊசித் தேதிக்குப் பக்கத்தில் கடைசியாக விலக்கான தேதியையும், விழுந்திருந்தால் விழுந்த தேதியையும் பேனாவால் எழுதிவையுங்கள். சொல்ல அண்ணனுக்குக் கூச்சமென்றால் அடுத்த தடவை மைனி உள்ளே வரட்டும். அதுவரை இன்று ராத்திரி போட வேண்டிய மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள்.